மழைக்கு ஏறிய கோடு

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் உட்பக்கம் மூன்று நீலக் கோடுகள் இருந்தன. என் கணவர் போட்டவை. மேலே இருப்பது பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும், நடுவில் ஆட்டோவுக்கு, கீழே இருப்பது அவருடைய லோடு வண்டிக்கு. குட்டியானை என்பார்களே, அந்த வண்டி. பெரிய வண்டிக்கு எதற்குக் கீழ்க்கோடு என்று வருகிறவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள். வண்டி எவ்வளவு உயரம் என்பது கணக்கில்லை, லைட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு என்று அவரும் சலிக்காமல் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் சலித்துப்போகும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. பிளாட் போட்டு விற்ற நிலம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வண்டிதான் பிழைப்பு. என் கணவர் கடலைமிட்டாய்ப் பெட்டியும் தீப்பெட்டி பண்டலும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் வருவார். நான் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவர் இப்போது இல்லை. இருந்தார் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் என் கை இருக்கிறார் என்றுதான் எழுதப் பார்க்கிறது. ஒவ்வொன்றாக அடித்துத் திருத்திக்கொண்டு வருகிறேன்.

போன வருடம் சித்திரையில்தான் அந்த லைட் வேலை ஆரம்பித்தது. வண்டியில் பழைய மஞ்சள் பல்பு. எதிரே வெள்ளை வெளேரென்று பஸ்ஸும் லாரியும் வரும்போது என் லைட் எரிகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்.இ.டி. பல்பு வாங்கி வந்து மாட்டினார். மாட்டிய அன்று தெருமுனை வேப்பமரத்தில் அடைந்திருந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று கத்த ஆரம்பித்தன. வெளிச்சம் ரோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருந்தது. ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. லைட்டின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நாம்.

அவர் அப்படி விடுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த லைட்டோடு கிடந்தார். முதலில், பழுப்பேறிக் கிடந்த முன்மூடியை என் பற்பசையை வைத்துத் தேய்த்தார். பாதி வெளிச்சம் இதிலேயே வந்துவிட்டது, பல்பே மாற்றியிருக்க வேண்டாம் போல என்று அவரே சொன்னார். பற்பசை காலி. பிறகு புதுப் பல்பைக் கழற்றிப் பழைய பல்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் கம்பி எரிகிற இடம் எதுவோ அதே இடத்தில் புதியதில் வெளிச்சம் தருகிற சிப்புகள் உட்கார வேண்டும். சிப் இரண்டும் இடமும் வலமும் பார்த்து நிற்க வேண்டும். மேலும் கீழுமாக நின்றால் வெளிச்சம் சிதறிவிடும். ஏதோ புதையலைக் காட்டுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு இதைக் காட்டினார். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று நான் போய்விட்டேன்.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார். அவர் கையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் இருந்தது. உள்ளே தண்ணீர் தெரிகிற நீளமான குழாய். அதன் இரண்டு முனைகளையும் எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். வண்டி சுவரைப் பார்த்து நின்றது. என்னை ஒரு முனையை ஹெட்லைட்டின் அருகே பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு அவர் சுவரருகே போனார். என் பக்கத்துத் தண்ணீர் லைட்டின் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். அப்போது அவர் பக்கத்தில் அது எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி. குறியிலிருந்து நாலு விரல் கீழே கோடு. லைட்டை டிம்மில் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் வந்து படிய வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். ரொம்பக் கீழே போனால் நமக்கு ரோடு தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவு பெரிய மனிதர் சுவரில் விரல் வைத்து அளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை ஆடியது. டியூபில் தண்ணீர் மேலும் கீழும் போய் வந்தது.

"ஆட்டாதட்டி. தண்ணி நிக்கட்டும்" என்றார்.

"நீங்க நிக்குத நிலையப் பாத்தா எப்பிடி நிக்கும்?" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

வண்டியில் கீறல் விழுந்த இடத்தில் பூசுவதற்கு வைத்திருந்த நீலப் பெயிண்டில்தான் கோட்டைப் போட்டார். லோடு ஏற்றிய பிறகுதான் லைட் வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும். இதைக் கேள்விப்பட்டு ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார், பால் வண்டிக்காரர் வந்தார், பைக்குகள் வந்தன. வண்டிக்கு ஏற்ற மாதிரி இன்னும் இரண்டு கோடுகள் ஏறின. பைக்கில் வருகிறவர் பின்சீட்டில் ஆளோடு வர வேண்டும். அதனால் அந்தக் கோடை முழுவதும் கருக்கல் நேரத்தில் எங்கள் சுற்றுச்சுவருக்குள் யாராவது ஒரு பெண் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி சேலையை வேறு சரி செய்துகொள்வார்கள்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒரு தடவை, விளிம்பு கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றபோது, போதும் அண்ணாச்சி, ஒரு விரல்தானே என்றார். என் கணவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"இங்க ஒரு விரலு. ரோட்டுல போகப் போக ஒரு முழம் ஆயிரும். வெள்ள லைட்டு போடுதது தப்பில்லப்பா. அத அடுத்தவன் கண்ணுல அடிக்குததுதான் தப்பு" என்றார். ஆட்டோக்காரர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, லைட்டை ஏற்றி இறக்குகிற ஸ்க்ரூவை மறுபடியும் திருப்பினார்.

ஆவணியில் ஒரு நாள் காலை, லோடு ஏற்றப் போகிறேன் என்று சட்டையை மாட்டியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு அவருடைய வண்டியிலேயே கொண்டு போனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. பிற்பாடு நடந்தது எல்லாம் நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்த பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து, அழுதுரு தாயி, அழுதுரு என்று முதுகைத் தட்டினாள். தட்டினால் வருமா? பசி வந்தது, தூக்கம் வந்தது, வேலைக்குப் போனேன், பெட்டிகளைச் சரிபார்த்தேன். மகள் போனில் அழுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கல் மாதிரி இருக்கிறாளே என்று காதுபடவே பேசினார்கள். எனக்கே கல் மாதிரிதான் இருந்தது, அதனால் கோபமும் வரவில்லை.

வண்டியை அவர் தம்பி எடுத்து ஓட்டத் தொடங்கினான். என் கொழுந்தன். பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அந்த வருடம் எங்களுக்கு ஆயுதபூஜை கிடையாது. தெருவில் எல்லா வண்டி லைட்டிலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்க, எங்கள் வண்டி மட்டும் வெறுமனே நின்றது. லைட் மறைக்காமல் இருக்கிறதே, அவருக்குப் பிடித்திருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதுவும் ஓடிப் போய்விட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் மண் ஊதும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற கரிசல், தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பும். கதவுகள் நிலையில் இறுகிக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிற குளியலறைக் கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். மழை நின்று காய்ந்தால் கதவு தானாகச் சரியாகிவிடும். இதெல்லாம் எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. இங்கே வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்து, ஆழத்தில் சரள் அடித்து, அதன்மேல்தான் எழுப்புவார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். வண்டி நிற்கிற கான்கிரீட் தளத்துக்கும் அவர் அப்படித்தான் செய்தார். சுற்றுச்சுவர்தானே, குளியலறைதானே என்று அவற்றுக்கு மட்டும் கொத்தனார் அஸ்திவாரக் குழியை மேலாகத் தோண்டி வேலையை முடித்துவிட்டார்.

மழைக்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுகிறதே, தெருக்காரர்கள் மறுபடியும் லைட் வைக்க வரத் தொடங்கினார்கள். கோடையைவிட அதிகம் பேர் வந்தார்கள். அவர் இல்லாததால் கோட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. "அண்ணாச்சி போட்ட கோடு" என்று புது ஆட்களுக்குக் காட்டுவார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதற்கு நான் என்ன சொல்ல? வருகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். சுவரில் வெளிச்சம் ஏறும், இறங்கும், கோட்டில் வந்து நிற்கும். நாள் முழுவதிலும் அந்த ஒரு இடத்தில்தான் அவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்று தோன்றும். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக்காகத்தான் வீட்டுக்கு வந்தேன், அவ்வளவு சொல்லலாம்.

என் ஸ்கூட்டர் பல்பும் அப்போதுதான் போனது. மெக்கானிக் வெள்ளைப் பல்பு போட்டுக் கொடுத்தார். கொழுந்தன் அதைச் சுவருக்கு நேராக நிறுத்தி, என்னை மேலே உட்கார வைத்து, மேல்கோட்டுக்குச் சரியாக வைத்தான்.

தை மாதம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எதிரே செம்மறிகள் வந்தன. அவற்றின் கண்கள் என் லைட்டில் மின்னின. ஓட்டிவருகிற அக்காவை எனக்குப் பார்த்த பழக்கம் உண்டு. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பாள், கையில் கம்பு. நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் கையைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள், பின்னால் ஒரு எட்டு வைத்தாள், ஆளைக் காணோம். சாலையோரப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டாள். ஆடுகள் நாலா பக்கமும் சிதறின.

இறங்கி ஓடினேன். பள்ளத்தில் மழைத்தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. முழங்கை சிராய்த்து, இடுப்புவரை கரிசல் அப்பி எழுந்து நின்றாள்.

"ஏ தாயி, லைட்டக் கட்டிட்டு வாரியா, சூரியனக் கட்டிட்டு வாரியா?"

"டிம்முலதான்கா வாரேன்."

"இதுவா டிம்மு? எனக்கு ரோடும் தெரியல, ஆடும் தெரியல. ஒன்ன மட்டும் சொல்லல. ஒங்க தெருவுல இருந்து வார வண்டி பூராம் இப்பிடித்தான் அடிக்குது. மழ பேஞ்சதுல இருந்து அனுபவிக்கேன்."

எனக்கு அப்போதுதான், ஐந்தாறு மாதத்தில் முதல் தடவையாக, கோபம் வந்தது. அவளைத் தூக்கிவிட வந்தவள், அதை மறந்துவிட்டு நியாயம் பேச ஆரம்பித்தேன்.

"எங்க தெரு வண்டி எல்லாம் கோட்டுக்கு வச்சதுக்கா. எங்க வீட்டுல அவிய போட்ட கோடு. தப்பாப் போவாது."

"கோடாவது ஒண்ணாவது. இங்கன வந்து நின்னு பாரு."

என் கையைப் பிடித்து இழுத்து, தான் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினாள். ஸ்கூட்டர் சாலையில் லைட் எரிந்தபடி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. வண்டி தெரியவில்லை, சாலை தெரியவில்லை, பக்கத்தில் நிற்கிறவள் முகம்கூடத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, எரிச்சலில் வந்தது. ஆடுகளை ஒன்று சேர்க்க அவளோடு கொஞ்ச நேரம் அலைந்தேன். முழங்கைக்கு மருந்து போட வீட்டுக்கு வா என்றதற்கு, லைட்ட எறக்கு தாயி, அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து கேட்டைச் சாத்தினேன். கேட்டின் தாழ்ப்பாள், சுவரின் முனையில் இருக்கிற துளைக்குள் போக வேண்டும். மழைக்காலத்தில் போகாது. வருடா வருடம் மண் காய்கிறவரை கம்பியால் கட்டித்தான் வைப்போம். அன்றும் கம்பியைச் சுற்றினேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன்: தாழ்ப்பாள் நிற்கிற இடத்துக்கு மேலே, தூக்கி வைத்தது மாதிரி துளை நின்றது. கேட்டு மாட்டியிருக்கிற தூண் வீட்டோடு சேர்ந்தது, ஆழமான அஸ்திவாரம், அது அசையவில்லை. சுவர் ஏறியிருந்தது.

சுவர் ஏறினால் கோடு?

கதவு இறுகுவது தெரியும், தாழ்ப்பாள் சேராதது தெரியும், சுவர் ஊதுகிறது என்று வாய்நிறையச் சொல்வோம். தெருவில் அத்தனை பேரும் கரிசலில் பிறந்து வளர்ந்தவர்கள். சுவரில் போட்ட கோடும் கூடவே ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயிண்டில் போட்டதாயிற்றே என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

மறுநாள் கொழுந்தனைக் கூப்பிட்டேன். மட்டம் பார்க்கிற டியூப், அவர் சாமான் போட்டு வைக்கிற ஷெட்டில் சுருட்டியபடியே கிடந்தது. குட்டியானையைத் தளத்தில் நிறுத்தி, அவன் லைட்டருகே பிடித்தான், நான் சுவரருகே போனேன். அன்று தண்ணீர் பிடித்தவுடன் நின்றது. என் கை கொஞ்சமும் ஆடவில்லை. தண்ணீர் நின்ற இடத்துக்கும் அவர் போட்ட கோட்டுக்கும் நடுவே நாலு விரல் இருக்க வேண்டும். என் ஒரு விரல்தான் நுழைந்தது.

"மூணு விரலு ஏறிட்டு" என்றேன்.

"அண்ணன் அளந்தது தப்பா இருக்குமோ மதினி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அவிய அளந்தது சரி. நான்தான மறுமுனையப் பிடிச்சேன். மழைக்குச் சுவரு ஏறிட்டு, கோட்டையும் தூக்கிட்டுப் போயிட்டு. சித்திரையில மண்ணு காஞ்சா எறங்கிரும். கோடும் எறங்கிரும். அவிய கோடு அவிய எடத்துக்கு வந்துரும்."

சொல்லும்போதே எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவர் பிழை செய்யவில்லை, அவர் போட்டது கோடைக்கு உள்ள கோடு. சித்திரை வந்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு நீலக் கோட்டுக்கும் மூன்று விரல் கீழே நான் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பெயிண்ட் டப்பா ஷெட்டில்தான் இருந்தது, எடுக்க மனமில்லை. என்னுடையது அழிகிற கோடாக இருக்கட்டும், அவருடையது திரும்பி வருகிறவரைக்கும்தானே என்று நினைத்தேன்.

தெருக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து என் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார், நீலக் கோட்டைப் பார்த்தார்.

"யக்கா, அண்ணாச்சி கோட்டையா தப்புங்கீங்க?"

"தப்புன்னு சொல்லல. எடம் மாறிட்டுன்னு சொல்லுதேன். நம்பிக்கை இல்லன்னா ஒங்க ஆட்டோவுக்கு எதிர்ல நீங்களே போய் நின்னு பாருங்க."

போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து ஸ்க்ரூவைத் திருப்பி லைட்டை இறக்கினார். பிறகு ஒவ்வொருவராக வந்து இறக்கிக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம், இது மழைக்கு மட்டும்தான், சித்திரையில் பழைய கோடு சரியாகிவிடும் என்று சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஆடு ஓட்டுகிற அக்கா ஒரு நாள் எதிரே வந்தபோது கையைத் தூக்கவில்லை. கம்பை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

மாசி, பங்குனி. மண் காயத் தொடங்கியது. குளியலறைக் கதவு முதலில் விட்டுக்கொடுத்தது. சுவரடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டு, பிறகு விரல் நுழைகிற அளவுக்கு விரிந்தது. வேலையிலிருந்து வந்ததும் கேட்டுத் தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்ப்பேன். துளை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஆண்டுத் திதி எப்போது வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் நினைவில் நிற்கவில்லை. அந்தக் கோடு திரும்பி வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் தாழ்ப்பாள் உரசிக்கொண்டே துளைக்குள் போனது. கம்பியைக் கழற்றி எறிந்தேன். உடனே கொழுந்தனுக்குப் போன் செய்து, வண்டியை லோடோடு கொண்டு வா என்றேன்.

வெயில் தாழ்ந்த நேரம். வண்டி தளத்தில் நின்றது. அவன் லைட்டருகே, நான் சுவரருகே. தண்ணீர் உடனே நின்றது. குறி வைத்தேன். குறிக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவில் விரல்களை வைத்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். சுண்டுவிரல் நுழையவில்லை.

டியூபை மறுபடியும் பிடித்துப் பார்த்தோம். வண்டியை எடுத்துத் திரும்ப நிறுத்திப் பார்த்தோம். சுண்டுவிரல் நுழையவில்லை. கழிவுநீர் போகிற பக்கம் அடிமண் இன்னும் ஈரமாக இருக்கலாம், அல்லது ஏறினது அவ்வளவையும் சுவர் இறங்காமலே போகலாம். காரணம் எதுவாக இருந்தால் என்ன? கோடு முழுதாக வரவில்லை.

கொழுந்தன் வந்து பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான்.

"ஒரு விரல்தான மதினி. இருக்கட்டும். அண்ணன் கோடு."

அந்த வார்த்தைக்கு அவர் என்ன சொல்வார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஒரு விரல்தானே என்று விட்டுவிட அவர் யாரையும் விட்டதில்லை. அந்தக் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி, யாரோ ஒருத்தியைப் பள்ளத்தில் தள்ளுவேனா? ஷெட்டுக்குப் போய் உப்புத்தாள் எடுத்து வந்தேன்.

கீழ்க்கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். நல்ல பெயிண்ட், சீக்கிரம் போகவில்லை. கோட்டின் ஒரு முனையில் தூரிகை இழுபட்டு லேசாக மேலே வளைந்திருந்தது. நான் எதற்கோ சிரித்து, அவர் திரும்பிப் பார்த்தபோது இழுபட்ட இடம். அதையும் தேய்த்தேன். கொழுந்தன் தாளை வாங்க வந்தான், கொடுக்கவில்லை. மூன்று கோடும் போனபோது என் விரல்கள், வளையல், சேலை முந்தி எல்லாம் நீலத்தூள்.

"பிடி தம்பி" என்றேன். "சரியா வச்சிருவோம்."

அவன் வண்டிப் பக்கம் போய் டியூபைப் பிடித்தான். நான் மறுமுனையைச் சுவரில் வைத்தேன். தண்ணீர் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. காத்திருந்தேன். நிற்கவில்லை.

"மதினி, தண்ணி ஆடுது" என்றான் அங்கிருந்து.

"ஆட்டாத. தண்ணி நிக்கட்டும்" என்றேன்.

"நான் ஆட்டல மதினி."

என் கையைப் பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், தோள்வரைக்கும் ஆடியது. அப்படியே சுவரடியில், வெடித்துக் கிடந்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக அழுதேன், எதிர்வீட்டில் கேட்டிருக்கும். டியூபின் முனையைக் கையிலிருந்து விடவில்லை. கொழுந்தன் பக்கத்தில் வரவில்லை. தண்ணீர் நிற்கும்வரை அவன் தன் முனையைப் பிடித்தபடி வண்டியருகிலேயே நின்றான்.